நாள் தள்ளிப்போகும் முன்பே

ஆடிக்கு அம்மா வீடு வந்திருந்த என் அண்ணன் மகள், கைப்பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒன்றில் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் என்றிருந்தது. மற்றதில் எல்-மெத்தில்ஃபோலேட் 1 மில்லிகிராம். முதல் அட்டை மிக மலிவு. இரண்டாவதன் விலை அதைப்போலப் பல மடங்கு.

"அத்தை, இதுல எது நல்லது? ஃபோலிக் ஆசிட் செயற்கையாம், உடம்பு ஏத்துக்காதாம். ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுதான் எதுன்னு முடிவு பண்ணணும்கறாங்க."

"இப்ப எதைப் போடுற?"

"இன்னும் எதுவும் போடல. முடிவாகட்டும்னு இருக்கேன்."

கல்யாணம் வைகாசியில் நடந்தது. குழந்தையைத் தள்ளிப்போடும் எண்ணம் அவளுக்கும் இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை. எந்த மாத்திரை என்று தேடிப் படித்ததிலேயே இரண்டு மாதம் போயிருந்தது. அந்த இரண்டு மாதத்தை நினைத்துத்தான் எனக்குப் பதற்றமாக இருந்தது; அட்டைகளைப் பற்றிய கவலை அதற்கு அப்புறம்தான் வந்தது. ஏன் என்று அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நாட்காட்டியிலிருந்து தொடங்க வேண்டும். 28 நாள் சுழற்சி உள்ள ஒரு பெண்ணுக்குக் கரு உண்டாவது ஏறத்தாழ 14ஆம் நாளில். அதிலிருந்து இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வராமல் போகிறது. "நாள் தள்ளிப்போயிருக்கு" என்ற பேச்சு எழுகிறது. மேலும் இரண்டு வாரத்துக்குள், அதாவது கரு உண்டாகி 28 நாள் ஆவதற்குள், குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக் குழாய் முழுதாக மூடியாக வேண்டும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? நாலைந்து நாள் பொறுத்துப் பார்க்கிறோம். கிட் வாங்கிச் சோதிக்கிறோம். மாமியாரிடம் சொல்கிறோம், நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போகிறோம். டாக்டர் எழுதித் தரும் முதல் சீட்டில் ஃபோலிக் ஆசிட் கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் அதற்குள் அந்தக் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமலே நின்றிருக்கும்.

வாழைக் குருத்து சுருளாக வந்து இலையாக விரிவதைப் பார்த்திருப்போம். கருவில் நடப்பது அதற்கு நேர்மாறு. முதுகுப் பக்கத்தில் தட்டையாக, இலைபோல் கிடக்கும் ஒரு படலத்தின் இரு ஓரங்களும் எழும்பி, ஒன்றையொன்று நோக்கி வளைந்து, நடுவில் ஒட்டி, சுருளாக மூடிக்கொள்கின்றன. மேல்நுனி மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுமையாக உருவாகாது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கீழ்ப்பக்கம் எங்காவது மூடாமல் போனால் முதுகெலும்புப் பிளவு. பிறந்தவுடன் அறுவை செய்து காப்பாற்றலாம். ஆனால் கால்களில் பலவீனம், சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாமை, தலையில் நீர் கோத்தல் என்று வாழ்நாள் முழுக்கத் தொடரும் சிரமங்கள் பலருக்கு இருக்கும்.

அந்த ஓரங்கள் எழும்பி வளைய, செல்கள் கடும் வேகத்தில் பிரிந்து பெருக வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் டி.என்.ஏ. முழுவதும் ஒரு படி எடுக்கப்பட வேண்டும். அதற்கான கட்டுமானப் பொருள்களைச் செய்ய ஒற்றைக் கார்பன் அணுக்கள் தேவை. அவற்றைச் சுமந்து வந்து உரிய இடத்தில் இறக்கிவிட்டு, திரும்பிப் போய் அடுத்த சுமை ஏற்றிவரும் வண்டிதான் ஃபோலேட். பி வைட்டமின் குடும்பத்தில் ஒன்பதாவது. நம் உடல் தானே இதைச் செய்துகொள்ளாது. வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

இந்த வைட்டமின் கண்டறியப்பட்ட கதையில் நம் ஊர்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பக் காலத்தில் கடுமையான இரத்த சோகையில் விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் தேடி வந்த அவர், 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னையில் சாதி, கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனையிலும் பணிசெய்தார். திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை குணமாகிறது என்று கண்டு 1931இல் வெளியிட்டார். சாற்றில் இருந்த பொருள் எது என்று அப்போது தெரியாது. வில்ஸ் காரணி என்றே பெயர் வழங்கியது. 1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பாலக் கீரையிலிருந்து அந்தப் பொருளைத் துளியளவு பிரித்தெடுத்தார்கள். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

நான்கு டன் கீரைக்குத் துளியளவு என்றால் அதை வைத்து யாருக்கும் மருத்துவம் பார்க்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டியாக வேண்டும். அதை 1945இல் செய்தது லெடர்லி நிறுவனத்தில் எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். கதர் உடுத்தி அறுவை அறைக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றுடன் வெளியேறியவர். உடன்பிறந்தவரை ஸ்புரூ என்ற குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர்; அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலம் மருந்தானது. இன்று மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சிறிய மாத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இருவரின் நினைவு வரும்.

அதே குழு ஃபோலேட்டைப் போலவே தோற்றம் காட்டி அதன் வேலையைத் தடுக்கும் மூலக்கூறுகளையும் செய்தது. புற்றுநோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் அந்த வழியில் வந்ததுதான். அதன் உறவான அமினோப்டெரினைக் கருக்கலைப்புக்குக் கொடுத்தபோது, கலையாமல் நின்ற கருக்களில் உறுப்புக் குறைபாடுகள் காணப்பட்டன என்று 1952இல் பதிவானது. ஃபோலேட் தடைப்பட்டால் கரு என்னவாகும் என்பதற்குக் கிடைத்த துயரமான சான்று அது. மூட்டுவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசி அதை நிறுத்த வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

1960களின் நடுவில் லிவர்பூலில் எலிசபெத் ஹிப்பர்டும் ரிச்சர்ட் ஸ்மித்தெல்ஸும், குறைபாட்டோடு குழந்தை பெற்ற தாய்மாரிடம் ஃபோலேட் பற்றாக்குறையின் தடயம் மற்றவர்களைவிட அதிகம் தென்படுவதைக் கவனித்தார்கள். ஃபோலேட் கொடுத்தால் அதைத் தடுக்க முடியுமா என்ற கேள்வி தீர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடத்திய சோதனையின் முடிவு 1991இல் வந்தது. முன்பு ஒரு முறை இக்குறையுள்ள கருவைச் சுமந்த பெண்கள் 1,817 பேர் அதில் சேர்ந்தார்கள். முடிவு தெரிந்த 1,195 கர்ப்பங்களில் 27இல் நரம்புக் குழாய்க் குறைபாடு. தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் பெற்றவர்களில் 6, பெறாதவர்களில் 21. ஏறத்தாழ முக்கால் பங்கு ஆபத்து குறைந்திருந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். தெரிந்த பிறகும் பாதிப் பேருக்கு மாத்திரை கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை அல்லவா? மறு ஆண்டு ஹங்கேரியில், இதற்கு முன் எந்தக் குறையும் காணாத பெண்களிடமும் 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ந்த பல்வைட்டமின் பலன் தருவதாக நிறுவினார்கள். அதை எடுத்த பக்கத்தில் ஒரு நரம்புக் குழாய்க் குறைபாடும் இல்லை. ஒப்பீட்டுப் பக்கத்தில் ஆறு.

என் அண்ணன் மகளின் கேள்விக்கு நேரடி விடை தருவது இவற்றுக்கு அடுத்து வந்த சீன ஆய்வு. 1993 முதல் 1995 வரை, வெறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், வேறு எந்த வைட்டமினும் கலக்காமல், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அடங்கிய பெரும் திட்டம். வட சீனாவில் ஆயிரத்துக்கு 4.8 என்றிருந்த நரம்புக் குழாய்க் குறைபாடு, கருத்தரிக்கும் முன்பே மாத்திரை தொடங்கியவர்களிடம் ஆயிரத்துக்கு 1.0 ஆக இறங்கியது. ஏற்கெனவே குறைவாக இருந்த தென் பகுதியில் 1.0 என்பது 0.6 ஆயிற்று. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரபணுப் பேச்சு வரும்போது திரும்ப வருவேன்.

இனி வடிவங்கள். கீரையிலும் பயறிலும் இருப்பது இயற்கை ஃபோலேட். அது உடனே வேலைக்கு இறங்கத் தயாரான நிலையில் இருக்கிறது. அதனாலேயே எளிதில் கெடுகிறது. வெப்பம், வெளிச்சம், காற்று எதுவும் அதற்கு ஆகாது. தண்ணீரில் கரைந்தும் போகும். கீரை வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் பாதி ஃபோலேட் சாக்கடைக்குப் போகலாம். ஃபோலிக் அமிலம் மாத்திரைக்கென்று செய்த வடிவம். மட்டையோடு கிடக்கும் தேங்காய் மாதக்கணக்கில் கெடாது, உடைத்த தேங்காய் மறுநாளே ஊசிப்போகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய அதுதான். ஃபோலிக் அமிலம் மாவில் கலந்தாலும், கொதித்தாலும், அலமாரியில் இருந்தாலும் தாங்கும். ஆனால் பயன்படுத்துமுன் உடல் அதை உரித்து உடைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதி மனிதக் கல்லீரலில் மெதுவானது. ஆளுக்கு ஆள் வேகம் மாறும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட்டால், உரிக்கப்படாத ஃபோலிக் அமிலம் கொஞ்ச நேரம் இரத்தத்தில் அப்படியே சுற்றும்.

மூன்றாவது, மெத்தில்ஃபோலேட். ஃபோலேட் இரத்தத்தில் ஓடும் இயல்பான வடிவம் இதுதான். அதைக் கால்சியம் உப்பாகவோ வேறு உப்பாகவோ கட்டி, கெடாதபடி மாத்திரையாக்கியிருக்கிறார்கள். "இயற்கையானது" என்று விளம்பரம் செய்கிறார்கள். மூலக்கூறு இயற்கையில் உள்ளது என்பது உண்மை, அட்டையில் இருப்பது தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்பதும் உண்மை. நான்காவதாக ஃபோலினிக் அமிலம் உண்டு. அது முக்கியமாக மெத்தோட்ரெக்சேட் பெறும் நோயாளிகளைக் காக்கத் தரப்படுவது. கர்ப்பத் தயாரிப்பில் அதற்கு இடமில்லை என்பதால் இங்கேயே விட்டுவிடுகிறேன்.

கீரையே போதாதா என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்வி. கீரையும் பயறும் வேண்டும்தான், அவை தரும் மற்ற எல்லாவற்றுக்காகவும். ஆனால் 1996இல் வட அயர்லாந்தில் ஒரு ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு மாத்திரை, ஒரு குழுவுக்கு ஃபோலிக் அமிலம் சேர்த்த உணவு, ஒரு குழுவுக்கு இயற்கையாகவே ஃபோலேட் மிகுந்த உணவு என்று மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். சிவப்பணுவில் ஃபோலேட் கணிசமாக ஏறியது முதல் இரண்டு குழுக்களில் மட்டுமே. சும்மா கீரை சாப்பிடுங்கள் என்று சொல்லி விட்டுவிட்டால் இந்தக் குறைபாட்டைத் தடுக்க முடியாது என்ற முடிவுக்கு நிபுணர்கள் வந்தது இப்படித்தான்.

இப்போது ஜீன் டெஸ்ட். எம்டிஹெச்எஃப்ஆர் என்று ஒரு நொதி இருக்கிறது. ஃபோலேட்டை மெத்தில்ஃபோலேட்டாக மாற்றும் கடைசிப் படியைச் செய்வது அது. அதற்கான மரபணுவின் 677ஆம் இடத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தால் நொதியின் வேகம் குறையும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று மாறிய பிரதி இரண்டையும் பெற்றவர்களுக்கு வேகம் நன்றாகவே குறையும். நரம்புக் குழாய்க் குறைபாட்டின் ஆபத்தும் ஓரளவு கூடும். இதுவரை உண்மை. இங்கிருந்து விளம்பரம் ஒரு தாவு தாவுகிறது: "இவர்கள் உடல் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தவே முடியாது" என்கிறது. அது தவறு. நொதி மெதுவாக ஓடுகிறது, நின்றுவிடவில்லை. ஒரே அளவு ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால், மாறாத பிரதி இரண்டு உள்ளவரைவிட மாறிய பிரதி இரண்டு உள்ளவரின் இரத்த ஃபோலேட் ஏறத்தாழ 16 சதவீதம்தான் குறைவாக இருக்கிறது என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். மரபணுவைவிடத் தினசரி அளவுதான் இங்கே பெரிது.

இப்போது சீன எண்களுக்குத் திரும்புவோம். இந்த மரபணு மாற்றம் உலகிலேயே அதிகம் காணப்படும் இடங்களில் வட சீனாவும் ஒன்று. மெக்சிகோவும் தெற்கு இத்தாலியும் மற்றவை. அங்கேதான் சாதாரண ஃபோலிக் அமிலம் ஆயிரத்துக்கு 4.8ஐ 1.0 ஆக்கியது. மாற்றம் உள்ளவர்கள் பயன்படுத்த முடியாத மருந்து, அந்த மாற்றம் மிகுந்த மண்ணில் அத்தனை பலன் தந்திருக்குமா? இந்தியாவில் இந்த மாற்றம் அந்த நாடுகளைவிடக் குறைவு. எனவே கருத்தரிப்பதற்கு முன் இந்தச் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அறிக்கைக்காகக் காத்திருந்து மாத்திரையைத் தள்ளிப்போடுவது அதைவிட மோசம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மெத்தில்ஃபோலேட் தன் சுமையை இறக்கியதும் வெறும் ஃபோலேட் ஆகிவிடுகிறது. அடுத்த சுமை ஏற்ற அதே நொதியிடம்தான் போக வேண்டும். ஆகவே மாத்திரை அந்தப் படியைத் தாண்டிக் கொடுப்பது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரே ஒரு தடவைதான்.

அப்படியானால் மெத்தில்ஃபோலேட் பயனற்றதா? இல்லை. ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், 24 வாரம் எடுத்த பெண்களின் சிவப்பணு ஃபோலேட் மெத்தில்ஃபோலேட் குழுவில் ஃபோலிக் அமிலக் குழுவைவிட அதிகமாகவே ஏறியது. உரிக்கப்படாத ஃபோலிக் அமிலம் இரத்தத்தில் சுற்றும் பிரச்சினையும் இதில் இல்லை. ஆனால் இரத்த அளவு ஏறுவது ஒன்று, குழந்தைக்குக் குறைபாடு வராமல் தடுப்பது இன்னொன்று. இரண்டாவதை நேரடியாகக் காட்டிய சோதனை ஃபோலிக் அமிலத்துக்கு மட்டுமே உண்டு. மெத்தில்ஃபோலேட்டுக்கு அப்படியொரு சோதனை இனி நடப்பதும் கடினம். பல்லாயிரம் பெண்கள் வேண்டும், ஒரு பாதிக்கு வெற்று மாத்திரை தருவதை எந்த அறக்குழுவும் ஒப்பாது. இரத்த அளவை வைத்து, இதுவும் காக்கும் என்று ஊகிக்கலாம், நல்ல ஊகம்தான். என் அண்ணன் மகளுக்கு என்று வரும்போது எனக்கு ஊகத்தைவிட எண்ணிக் காட்டிய சான்று பெரிதாகத் தெரிகிறது. வேறு ஒருத்தி டாக்டர் சொல்லி மெத்தில்ஃபோலேட்டை முறையாகத் தினமும் எடுக்கிறாள் என்றால் அவளைப் பயமுறுத்த மாட்டேன். எதுவுமே எடுக்காதவளைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

உரிக்கப்படாத ஃபோலிக் அமிலத்தைப் பற்றிய அச்சத்தையும் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. அது இரத்தத்தில் இருப்பதால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கு என்று இதுவரை நிறுவப்படவில்லை. இருந்தாலும் தேவைக்கு மேல் எதற்கு என்ற கேள்வி சரியானது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் வடிவம் அல்ல, அளவு. அவள் கொண்டுவந்த முதல் அட்டையை மறுபடி பாருங்கள்: 5 மில்லிகிராம். பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் 400 மைக்ரோகிராமைப் போல் பன்னிரண்டரை மடங்கு. நம் மருந்துக்கடைகளில் ஃபோலிக் ஆசிட் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இதுதான். முன்பு இக்குறையுள்ள கருவைச் சுமந்தவர்களுக்கும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பல நாடுகளில் டாக்டர்கள் இந்த உயர் அளவைத் தருகிறார்கள். அவர்களுக்கு அது தேவை. தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. வால்புரோயேட் போன்ற வலிப்பு மருந்தின் ஆபத்தை ஃபோலிக் அமிலம் முழுதாக நீக்கிவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது. மருந்தையே மாற்ற முடியுமா என்று கருத்தரிக்கும் முன் கேட்க வேண்டும். அப்படி எந்தக் காரணமும் இல்லாத பெண்ணுக்கு 5 மில்லிகிராம் எதற்கு என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை.

அளவு விஷயத்தில் நம் ஊருக்கு முக்கியமான ஒன்று பி12. ஃபோலேட் வண்டி தன் மெத்தில் சுமையை இறக்க உதவும் நொதிக்கு பி12 வேண்டும். பி12 இல்லாவிட்டால் ஃபோலேட் எல்லாம் மெத்தில்ஃபோலேட்டாகவே சிக்கிக் கிடக்கும். இறக்க ஆளில்லாமல் சரக்கோடு வரிசை கட்டி நிற்கும் லாரிகளைப் போல. அந்த நேரத்தில் ஃபோலிக் அமிலத்தை அதிகம் கொடுத்தால், அது வேறு வழியாகப் புகுந்து டி.என்.ஏ. வேலையை நடத்திவிடும். இரத்த சோகை சரியானதுபோல் தெரியும். ஆனால் பி12 குறைவால் நரம்புகளுக்கு நேரும் சேதம் சத்தமில்லாமல் தொடரும். ஃபோலிக் அமிலத்துக்கு ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பு வைத்ததற்குக் காரணம் இதுதான். மெத்தில்ஃபோலேட்டுக்கு மாறினால் இந்த மறைப்பு குறையலாம். பி12 குறை தீராது. பி12 விலங்கு உணவில்தான் இருக்கிறது: பால், முட்டை, மீன், இறைச்சி. எங்கள் வீடு சைவம். புனே தாய்மார் ஆய்வில், கர்ப்பத்தில் பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மற்றவர்களைவிட அதிகம் இருந்ததாக 2008இல் வெளியிட்டார்கள். இது ஒரு தொடர்பு மட்டுமே, காரணம் என்று முடிவாகவில்லை. ஆனாலும் சைவ வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஃபோலேட் என்று கேட்பதற்கு முன், பி12 எவ்வளவு இருக்கிறது என்று ஓர் இரத்தச் சோதனை பார்ப்பதை நான் முதலில் வைப்பேன். ஜீன் டெஸ்டுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவழிக்கலாம்.

அரசு தரும் சிவப்பு மாத்திரையைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து 180 நாள் கொடுக்கும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. இரத்த சோகைக்கு அது மிக அவசியம், ஒரு நாளும் விடக்கூடாது. ஆனால் நரம்புக் குழாயைப் பொறுத்தவரை நான்காம் மாதம் என்பது காலம் கடந்த பின். கர்ப்பமாகாத பெண்களுக்கு வாரம் ஒன்று தரும் மாத்திரையிலும் அதே 500 மைக்ரோகிராம்தான். வாரம் ஒரு முறை எடுக்கும் மாத்திரை இந்தக் குறைபாட்டையும் தடுக்க வேண்டுமானால் அதில் 2,800 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நாளுக்கு 300 கிராம் அரிசி உண்டால் 30 மைக்ரோகிராம் அளவில் கிடைக்கும். தேவையான 400இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்கா 1998 முதல் கட்டாயமாக்கியது 100 கிராம் மாவுக்கு 140 மைக்ரோகிராம். அங்கே குறைபாடு நாடு முழுக்கவே குறைந்தது. திட்டமிடாமல் உண்டாகும் கர்ப்பங்களையும் காக்கும் வழி அதுதான் என்பதால், நம் அரிசியில் கலக்கும் அளவைப் பற்றி நம் நிபுணர்கள் மறுபடி பேச வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபோலிக் அமிலம் எல்லா நரம்புக் குழாய்க் குறைபாடுகளையும் தடுப்பதில்லை. சோதனைகளில் மாத்திரை எடுத்தவர்களுக்கும் சில வந்தன. மரபு, கட்டுப்படாத சர்க்கரை, சில மருந்துகள், தொடக்க வாரங்களில் கடுங்காய்ச்சல் என்று காரணங்கள் வேறும் உண்டு. அப்படிப் பிறந்த குழந்தையின் தாயிடம் "மாத்திரை போட்டியா?" என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

மறுநாள் அவளை எங்கள் ஊர் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வலிப்பு, சர்க்கரை, குடும்பத்தில் முன்பு இப்படிப் பிறந்த குழந்தை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எதுவும் இல்லை என்றதும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எழுதினார். பி12 பார்க்கச் சொன்னார். இரத்த முடிவு வந்தபோது பி12 குறைவாகத்தான் இருந்தது, அதற்கும் மாத்திரை சேர்ந்தது. அந்த 400 கிடைக்க நான்கு மெடிக்கல் ஏறி இறங்கினோம். முதல் மூன்றிலும் "5 தான்க்கா இருக்கு, அதே மருந்துதான்" என்றார்கள்.

கருத்தரிக்க ஒரு மாதம் முன்பாவது தொடங்கி, மூன்றாம் மாதம் முடியும்வரை இதைத் தொடர வேண்டும். இன்னும் முன்பே தொடங்கினால் நல்லது. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பழையவை போய், ஃபோலேட் நிறைந்த புதியவை அந்த இடத்துக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். ஆடியில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துவந்து வைக்கும் வழக்கத்தில் எங்களுக்கு ஒரு மாதம் கையில் கிடைத்தது. அட்டையைப் பிரித்து முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. தலை தீபாவளிக்குள்ள நெறஞ்சிடும், இல்ல அத்தை?"